இரண்டு கழுத்துப் பனியன்

மணி ஒன்றரை. காங்கேயம் ரோட்டை விட்டுப் பிரிகிற மண் பாதை. விளக்கில்லை. எண்ணெய் மில்லின் கொப்பரை வாடை மட்டும்... பனியன் கம்பெனி டெய்லர் இளங்கோ பைக்கை விரட்டிக்கொண்டு வந்தான். ஷிஃப்ட் முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தான்.

நெருங்கி உட்காருங்கள். ஏன் கிளம்பினான் என்பதற்கு முன்னால் அவன் குழந்தைகளைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு அவனுக்கும் பூங்குழலிக்கும் இரட்டைப் பெண்கள். மதுமதி, தமிழ்மதி. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிப் பிறந்தவர்கள். இருவருக்கும் ஒரே இதயம். அதுவும் மதுமதி பக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் ஒரு வக்கீல் அம்மாளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இப்படியே விட்டா ரெண்டும் போயிருமுங்க. பிரிச்சா ஒண்ணு நிக்கும்" என்றார் டாக்டர்.

வக்கீல் விடவில்லை. "இன்னொண்ணு டேபிள்லயே போயிருமே. அதுக்குக் காப்பாத்தறதுன்னு பேரா, கொல்றதுன்னு பேரா? சட்டத்துக்கு இது ரெண்டு உசுரு டாக்டர். அந்தக் குழந்தைக்காக இங்க பேசறது யாரு?"

எல்லோரும் இளங்கோவைப் பார்த்தார்கள். அவன் மேசையைப் பார்த்தான்.

"குழந்தையோட அம்மாவுக்கு எல்லாம் தெரியுமா? சம்மதமா?" என்று கேட்டார் வக்கீல்.

"ஆமாங்க. சம்மதந்தானுங்க."

பொய். பெற்ற உடம்போடு வார்டில் கிடந்தவளிடம் அவன் சொன்னது வேறு. "ரெண்டும் பொழைச்சுக்கும் புள்ள." அதை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

தமிழ்மதி பிழைக்கவில்லை. எதிர்பாராமல் நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டான்.

பூங்குழலி அழுது முடித்ததிலிருந்து அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கைகளைத்தான் பார்ப்பாள். அவளுக்குத் தெரியுமோ என்று அவனுக்குச் சந்தேகம். மதுமதி மீதும் சந்தேகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பாது. வேறு யாரோ முதலில் திரும்பட்டும் என்பதுபோல் கொஞ்சம் காத்திருக்கும். பாயின் ஓரத்தில்தான் படுக்கும். பக்கத்தில் இடம் விட்டு...

ஆபரேஷனுக்கு முன்னால் இளங்கோ கம்பெனியில் ஒரு பனியன் தைத்தான். இரண்டு கழுத்து, நான்கு கை. துணி வெட்டும்போது ஒரே அடுக்கில் விழுந்த துண்டுகளுக்கு ஒரே நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த நம்பர்கள்தான் சேர வேண்டும். சேராவிட்டால் சாயம் மாறித் தெரியும். பழக்கதோஷத்தில் இவனும் இரண்டு பக்கமும் நாற்பத்தொன்று ஒட்டினான். பிறகு நடுவில் வெட்டி, ஒரு பாதியைத் தமிழ்மதிக்குப் போட்டுக் கொமரலிங்கத்தில், ஆற்றங்கரையில் இருந்த மாமனார் காட்டில் புதைத்தான். மறுபாதி வீட்டுப் பீரோவில். ஸ்டிக்கரை உரிக்க மறந்துவிட்டான்.

அவன் பைக்கில் கிளம்பிய இந்த ராத்திரி, கம்பெனியில் அவசர ஷிப்மென்ட். துணிகளை ஓரம் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் கிளிப்பச்சை நூல். டெய்லர் துணியைப் பார்ப்பதில்லை. கண் நம்பரைப் பார்க்கும், கை சேர்த்துவிடும். நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றும்... கர்ர்ர். நூலை வெட்டினான். விரலெல்லாம் ஈரம். ஆற்று வண்டல் வாடை. விரித்துப் பார்த்தான்.

இரண்டு கழுத்து.

அதை மெஷின் மேலேயே போட்டுவிட்டு ஓடிவந்தவன்தான்.

பாதி வழியில் முதுகுக்குப் பின்னால் கர்ர்ர்... பைக்கை நிறுத்தினான். இன்ஜின் அணைந்தும் சத்தம் அணையவில்லை. கொஞ்சம் ஓடியது. நின்றது. யாரோ துணியைத் திருப்பி வைத்ததுபோல், மறுபடி ஓடியது.

வீட்டில் விளக்கு எரிந்தது. பீரோ திறந்து கிடந்தது. பூங்குழலி பாயருகே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, பாப்பா பனியனைக் காணோமுங்க. பூட்டித்தான வெச்சிருந்தேன்?"

அவன் பாய்ப் பக்கம் குனிந்தான். மதுமதி ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. சட்டையை மெல்லத் தூக்கினான். நெஞ்சின் பழைய தழும்பு மேல் புதிதாய்த் தையல். நெருக்கமான ஓவர்லாக் தையல். கிளிப்பச்சை நூல். ரத்தமில்லை. நூலின் மறுமுனை பக்கத்துக் காலியிடத்தில் கிடந்த போர்வைக்குள் போயிருந்தது.

பூங்குழலி அதைப் பார்க்கவில்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. ரெண்டும் பொழைச்சுக்கும்னு டாக்டரே சொன்னாருங்களா?"

இளங்கோ மகளின் சட்டையை இறக்கிவிட்டான்.

"ஆமா புள்ள. அவருதான் சொன்னாரு."

போர்வைக்குள் நூல் இறுகியது. மதுமதி தூக்கத்திலேயே, இழுத்த பக்கம் ஒரு சாண் நகர்ந்தது.