ஓத்தோவின் வெள்ளிக்காசு

புளியைக் குழம்புக்கு மட்டும் பயன்படுத்தியிருந்தால், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார வேண்டியிருக்காது.

முப்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். நான் இண்டூர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியன். மாதப்பன் தன் காட்டை உழுதபோது ஒரு சின்னப் பானை கிடைத்தது. உள்ளே பதினொரு வெள்ளிக்காசுகள். கிடைத்தது வெள்ளிக்கிழமையாகப் போயிற்று. வீடு தேடி வந்த லட்சுமியை அழுக்காக விடலாமா என்று அவர் மனைவி குள்ளம்மாள் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துப் பூஜையில் வைத்துவிட்டாள். இரண்டாயிரம் வருஷம் மண்ணால் முடியாததை அந்தப் புண்ணியவதி ஒரே காலையில் முடித்தாள். என் கைக்கு வந்தபோது காசுக்கு ஒரு தாடையோ ஒரு காதோதான் மிச்சம்.

அதனால் என்ன? தேய்ந்த காசைப் படிப்பதற்குத்தானே படித்தவன் வேண்டும். ஒரு காசில் அலையலையான தலைமுடி தெரிந்தது. பின்பக்கம் ஒரு பெண் நிற்கிறாள். புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ரோமாபுரியை மூன்றே மாதம் ஆண்ட ஓத்தோ. தென்னாட்டில் எங்கே தோண்டினாலும் இன்னொரு ரோமச் சக்கரவர்த்தி திபேரியுஸ்தான் கிடைப்பார். அவருக்காக யாரும் ரயிலேறி வரமாட்டார்கள். ஓத்தோ அப்படியா? சென்னை நாணயப் பத்திரிகையில் என் கட்டுரை வந்தது. புதன்கிழமை நேரில் வருவதாக ஒரு பெரிய நிபுணர் கடிதம் எழுதினார். நான் அதை ஊரில் எல்லோரிடமும் காட்டினேன். சிலரிடம் இரண்டு முறை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் மாதப்பன் ஓட்டமாக வந்தார்.

"சாருங்க, பானை ஓட்டுல ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு இருந்துச்சுங்க. வூட்டுல அவ கண்ணுல படாம தண்ணியில மட்டும் அலசி எடுத்தாந்தேன்."

பன்னிரண்டாவது காசு. நேற்று அடித்ததைப் போல இருந்தது. முன்னால் திபேரியுஸ், பெயரோடு. பின்பக்கத்தை மாதப்பனே படித்துச் சொன்னார், எழுத்தறியாத மனிதர்.

"அந்தம்மா நாக்காலில உக்காந்துல்ல இருக்குது? நீங்க நிக்குதுன்னு சொன்னீங்களே. உங்க காசுலயும் இதே அம்மாதானுங்க, தேஞ்சு போயிருக்குது."

"என்னிடம் கொடுங்கள், நான் காட்டிக்கொள்கிறேன்" என்றேன்.

"அதெப்படிங்க? பட்டணத்துப் பெரியவரு கையில நானே குடுக்கோணுங்க. உங்களுக்கும் பெருமைதானே."

பாருங்கள், எவ்வளவு நல்ல மனசு. அதுதான் சங்கடம்.

காசைச் சாய்வெயிலில் பார்த்தால்தான் கோடுகள் எழும்பும் என்று விளக்கினேன். அது பொய் அல்ல, எந்த நிபுணரையும் கேளுங்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணற்றின் சுவரில்தான் மாலை வெயில் நன்றாக விழும். அவரைச் சுவர்மேல் உட்காரவைத்தேன். மழை பொய்த்த வருஷம், உள்ளே வெறும் பாறை. "இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாருங்கள்" என்றேன். பிறகு என் பங்குக்கு ஒரு கை கொடுத்தேன். அவர் கத்தக்கூட இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

காசைக் கைக்குள் மூடியபடியே விழுந்துவிட்டார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அவ்வளவு ஆழத்தில் இறங்குகிற வயது எனக்கில்லை.

மறுநாள் காலை நிபுணர் வந்தபோது ஊரே கிணற்றடியில் நின்றது. வாத்தியாரைப் பார்க்கப் போன மனுஷன் திரும்பவில்லை என்று குள்ளம்மாள் உங்கள் ஆட்களிடம் அழுதுகொண்டிருந்தாள். கயிறு கட்டி மேலே தூக்கி விரல்களைப் பிரித்தார்கள். நிபுணர் காசை வாங்கிப் பார்த்தார். என்னைத் தனியே அழைத்துப் போய்த் தோளில் கை வைத்தார்.

"உங்கள் ஓத்தோவும் திபேரியுஸ்தான். கட்டுரையோடு நீங்கள் அனுப்பிய படத்திலேயே எனக்குத் தெரிந்தது. அடுத்த இதழில் திருத்தம் அச்சாகிவிட்டது. கடிதத்தில் சொன்னால் மனம் நோகுமே என்று நேரில் சொல்ல வந்தேன்."

ஆக, வெறும் பன்னிரண்டு மணி நேரம் நான் பொறுத்திருக்கலாம். தள்ளியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நிபுணருக்குக் கண் சரியில்லை. மாதப்பனை நினைத்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் மட்டும் உயிரோடு இருந்திருந்தால், நான் சொன்னதுதான் சரி என்று அந்த மனிதரிடம் எடுத்துச் சொல்லியிருப்பார்.