அக்காவின் இரத்தத்தில் இல்லாத நொதி

ஊசி என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பயம். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவனுக்கு இப்படியொரு பயமா என்று நீங்களும் சிரிக்கலாம், ஐயா. கூடத்தில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தது இரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. அதை உடைத்து வெளியேற்ற நம் உடம்பில் ஒரு நொதி உண்டு. பாத்திரம் தேய்ப்பவர் வராத வீட்டில் தொட்டி நிரம்புவதுபோல, அந்த நொதி இல்லாதவர் உடம்பில் மருந்து தேங்கிவிடும். அப்புறம் வெள்ளணுக்கள் ஊறாது. சாதாரணச் சளிகூட ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் முதலிலேயே இரத்தத்தில் நொதியை அளந்து, இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அளக்கும் கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் இரத்தம் வேண்டும். ஊழியர்களே முறைவைத்துக் கையை நீட்டுவோம். என் முறை வந்தபோது நான் அக்காவிடம் போனேன். அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவள் அவள்தான்.

"உனக்கு இல்லாத ரத்தமாடா? எடுத்துக்கோ" என்றாள்.

அவள் இரத்தத்தில் அந்த நொதி அறவே இல்லை. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று மறுபடியும் அளந்தேன். கருவி நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினோம். "கொஞ்சமாச்சும் குடுங்களேன்" என்று அவள் கணவர் வாசலில் நின்று அழுதார். தலைமை மருத்துவர் என்னிடம் சொன்னார்: "எவ்வளவு கொடுத்தா தாங்கும்னு தெரிஞ்சாத்தானே குடுக்க முடியும்? அதைத் தெரிஞ்சுக்க யாருய்யா சம்மதிப்பா?"

அக்கா சம்மதித்திருப்பாள். அவள் எனக்கு எதையுமே இல்லை என்று சொன்னதில்லை. கேட்டு அவளை வீணாகப் பயமுறுத்துவானேன் என்று, சத்து மாத்திரை என்று சொல்லி அந்தப் புற்றுநோய் மாத்திரையைக் கொடுத்தேன்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். நானும் அவள் உடன்பிறந்தவன், என் இரத்தத்திலும் அது இல்லாமல் இருந்திருக்கலாம், என்னையே சோதித்திருக்கலாம். சொன்னேனே, ஊசி என்றால் பயம். அடுத்தவர் கையில் குத்தும்போது அந்தப் பயம் இல்லை.

முதலில் வாய்ப்புண் வந்தது. பிறகு தலை வாரும்போது முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. அதை அவள் மகள் கண்ணில் படாமல் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் காட்டினாள்.

"தம்பி, எனக்கு என்னடா ஆகுது? ரொம்பப் பயமா இருக்குடா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயேன்."

"நான்தான் தினமும் ரத்தம் பார்க்கிறேனேக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். அவள் இரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய் கை தவறிவிட்டால் அன்றைய அளவு போய்விடும்.

மாத்திரையை அப்போதே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள். ஆனால் வெள்ளணுக்கள் எதுவரை இறங்கும் என்று தெரியாமல் பாதியில் விட்டால், அதுவரை அவள் பட்ட பாடெல்லாம் வீண். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மகளிடமிருந்து அவளுக்குச் சளி தொற்றிவிட்டது. கடைசி இரண்டு நாள் என்னைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காய்ச்சலில் ஆளை அடையாளம் தெரியவில்லை போலும்.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒருத்தியே போதுமாக இருந்தது. ஆமாம், மாத்திரை கொடுத்துக் கொன்றது நான்தான். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். தாயைக் கொண்டு பிறந்தவள். அவளுக்கும் அந்த நொதி குறைவாகத்தான் இருக்கும். அவளை உள்ளே அனுப்புங்கள், ஐயா. மாமாவைப் பார்த்தால் பயம் தெளிந்துவிடும். அக்காவுக்கு எங்கே அளவு தப்பியது என்று எனக்கு இப்போது தெரியும். இவளுக்குப் பாதியில்தான் தொடங்குவேன்.