தொண்ணூறுக்குக் கீழே

புரோகிராம் எழுதும் மொழியான பைதானில், பழையதில் பிரிண்ட் என்றால் பிரிண்ட், அவ்வளவுதான். புதியதில் பின்னால் அடைப்புக்குறி போட வேண்டும். இந்த வித்தியாசம் காலேஜ் பிள்ளைகளுக்கே தெரியும், சார்.

கிண்டி எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி செய்யும் கருவி, நோயாளியின் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜனை அளக்கும். தொண்ணூறுக்குக் கீழே போனால் அலறும். அதன் புரோகிராமை எட்டு வருடம் எழுதியது நான். என் நண்பன் ஆசிஃபை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். புதிய பைதானுக்கு மாற்றும் வேலை வந்தபோது அவன் மேனேஜரிடம் என்னைப் பற்றி, "ஷ்ரவணுக்குப் பழசுதான் சார் தெரியும். நான் பாத்துக்கறேன்" என்றான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். டீம் லீட் பதவி அவனுக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

எழுதியவனே தன் வேலையைப் பாஸ் செய்யக்கூடாது, இன்னொருவர் பார்த்து அப்ரூவ் செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவன் மாற்றியது என்னிடம் வந்தது. அளவைத் தொண்ணூறோடு ஒப்பிடும் வரியில் இருந்த ஆபத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டேன்.

கிளிப் கழன்றால் அளவு வராது, காலியாக இருக்கும். பழைய பைதான் காலியை எந்த எண்ணைவிடவும் சிறியது என்றே எடுத்துக்கொள்ளும், கருவி அலறிவிடும். புதியது ஒப்பிடவே மறுத்து, பிழை என்று சொல்லும். பிழை வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்படி நான் எப்போதோ எழுதி வைத்திருந்தேன். ஆகவே இனி அலறாது.

ஒரு பிரிண்டில் அடைப்புக்குறி இரண்டு முறை விழுந்திருந்தது. அதை மட்டும் குறித்தேன். திருத்தினான். அப்ரூவ் அழுத்தினேன்.

"மொத மெஷினு எங்க அம்மாவுக்குத்தான் மச்சி. கோட்டூர்புரம் வூட்டுக்கு எடுத்துனு போறேன்" என்றான். ஜமீலுன்னிசா அம்மாவுக்கு நுரையீரல் சரியில்லை. நோன்பு மாதம் முழுக்க எனக்கும் கஞ்சி கொடுத்தனுப்புவார். சொல்வதற்கு அப்போதும் நேரம் இருந்தது. "ரொம்ப நல்லது மச்சி" என்றேன்.

அவன் கருவியை எடுத்துப் போன பதினோராம் நாள் மதியம், தூக்கத்தில் கிளிப் கழன்றிருக்கிறது. அவருக்கு மூச்சுத் திணறியபோது கருவி சும்மா இருந்தது. பக்கத்து அறையில் ஆசிஃப் லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தான். முடித்து வந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

அடக்கம் முடிந்து என் தோளில் சாய்ந்து அழுதான். "ஒன்ன வுட்டா எனக்கு யார்றா கீறாங்க?" என்றான்.

இதை அவன் அன்று மேனேஜரிடம் சொல்லியிருந்தால் நானும் அந்த வரியைக் காட்டியிருப்பேன், சார். தன் அம்மாவைக் கொன்றது அவன்தான். நான் அப்ரூவ் மட்டும்தான் செய்தேன்.