ஆர்மோனியத்தில் இல்லாத சுரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“அந்த எடத்துல நீங்க இன்னும் கொஞ்சம் தப்பா வாசிக்கணும் அண்ணி,” என்றாள் இளையவள்.

“தப்பாவா? பாட்டு போட்டவளே இப்படி சொன்னா எப்படிடி?”

“‘ரி’க்கும் ‘க’வுக்கும் நடுவுல ஒரு சுரம் வச்சிருக்கேன். ஆர்மோனியத்துல அது கெடையாது. போன கச்சேரில சுருதியே சேரலன்னு பாதி பேரு எந்திரிச்சுப் போய்ட்டாங்க. இல்லன்னா இன்னிக்கு மேடைல அந்த எடத்த எடுத்துடலாமா?”

“எடுத்துட்டா அதுல என்ன இருக்கு? எவ்ளோ நாளா வெரலப் பழக்கியிருக்கேன். இப்ப தானா அங்கதான் போய் நிக்கிது. எங்க, பாடு.”

இளையவள் தயங்கி ‘க’வைப் பிடித்தாள். அண்ணி அதற்கு ஒரு நூலிழை கீழே சேர்ந்துகொண்டாள். இரண்டு குரலும் உரசிய இடத்தில் மெல்லிய அலை ஒன்று எழுந்து துடித்தது.

“பஸ் சத்தத்துலயே கேக்குது பாரு. மேடைல கேக்காதா?”

இளையவள் சிரித்துவிட்டாள்.

“பாட்டு நடுவுல வேணாம் அண்ணி. அதுலயே ஆரம்பிச்சிடலாம்.”