பதினெட்டு டிகிரிக்குக் கீழே

மாப்பிள்ளை, மும்பைக்காரர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கினாலே தாராவியில் பாதிப் பேர் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்பார்கள். நீங்களும்தான். போன டிசம்பரில் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, காருக்கும் ஒரு போர்வை போர்த்திவிட்டு வந்தீர்கள். காரோடு பேசுவதில் பாதியாவது என் மகளோடு பேசுங்கள் என்று நான் கேலி செய்தது நினைவிருக்கும்.

நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள். குர்லாவில் என்னைப்போலவே வண்டிக் கம்ப்யூட்டர் பார்க்கிற ராஹில், லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "கிறிஸ்டோ பாய், யே நம்பர் கிஸ்னே டாலா?" என்றானாம். இந்த எண்ணை யார் போட்டது என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். எனக்கு இருமல் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான்தான் போட்டேன். விஷயம் சிறியது. காற்று குளிர்ந்தால் இறுகும். இறுகிய காற்றுக்குப் பெட்ரோல் கொஞ்சம் கூட வேண்டும். எந்தக் குளிருக்கு எவ்வளவு என்று வண்டியின் கம்ப்யூட்டரில் ஓர் அட்டவணை இருக்கிறது. உங்கள் வண்டிக்கு வயது இருபத்து நாலு, அதன் அட்டவணை பழசாகிவிட்டது, திருத்த வேண்டும் என்று எங்கள் செம்பூர் கராஜில் வைத்துச் சொன்னேனே, அது உண்மை. திருத்தினேன். பதினெட்டு டிகிரிக்குக் கீழே மட்டும் பெட்ரோலைக் கூட்டாமல் குறைத்தேன்; போதாமல் வண்டி திணறி நிற்கும். மும்பையில் பதினெட்டுக்குக் கீழே போவது அபூர்வம். புனே போகிற மலைப்பாதையில் டிசம்பர் காலையில் தினமும் போகும்.

உங்கள் இருவருக்கும் புனேயில் வேலை கிடைத்து, சனிக்கிழமைதோறும் வீடு தேடக் கிளம்பிய சமயம் அது. ஜாக்குலின் எனக்கு ஒரே பிள்ளை. கட்டிக் கொடுத்த பிறகும் நாலு சந்து தள்ளித்தான் இருந்தாள். என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை, பெருந்தன்மைக்காரி. "தூர இருந்தா சேர உறவுன்னு சும்மாவா சொன்னாவ? புள்ளைய போவ விடுங்க," என்றாள். பழமொழி சொல்வது சுலபம்.

மூன்று சனிக்கிழமையும் வண்டி புனே வழியில் கண்டாலா ஏற்றத்தில் நின்றது. ஓரமாக நிறுத்தினால் பானெட்டுக்குள் காற்று சூடேறிப் பதினெட்டைத் தாண்டும், மறுபடி கிளம்பும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். யாருக்கும் ஆபத்தில்லாத ஏற்பாடு. நான் கராஜ் வண்டியில் வந்து கூட்டிப்போனேன். வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, டாஷ்போர்டில் இருந்த வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். "வண்டிக்கே புனே பிடிக்கலப்பா," என்று ஜாக்குலின் சிரித்தாள். பார்த்து வைத்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. எனக்கு அவ்வளவுதான் வேண்டும். பிப்ரவரி பிறந்ததும் எண்ணைச் சரியாக்கிவிடுவதாகத்தான் இருந்தேன்.

ஜனவரியில் மும்பையும் மாறிவிடும் என்று யார் கண்டது? அன்று விடிகாலை பதினாலு டிகிரி. உங்கள் அத்தைக்கு நெஞ்சு வலித்தது. நான் டாக்ஸி பிடிக்கப் போனேன், அதற்குள் நீங்கள் வண்டியோடு வந்துவிட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், சயானைத் தாண்டியதும் வண்டி நின்றது. "மாமா, என்ன ஆச்சு மாமா?" என்று திரும்பித் திரும்பிக் கேட்டீர்கள். என் மடியில் அவள் தலை. "காத்து ஜில்லுனு இருக்குல்லா மாப்ள, அஞ்சு நிமிசம் சூடாவட்டும்," என்றேன். அது பொய்யில்லை. கிளம்பியது, மேம்பாலம் ஏறும் முன் மறுபடி நின்றது. அப்போது காலியாக ஒரு டாக்ஸி எங்கள் பக்கமாக மெதுவாகப் போனது. நீங்கள் பானெட்டுக்குள் குனிந்திருந்தீர்கள், பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கை தட்டிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், வண்டி இனி ஆஸ்பத்திரி வரை போகாது என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என்ன பதில் சொல்வது? இதோ இப்போது போல, நாலு பக்கம் எழுத அங்கே நேரமில்லை. ஐந்து நிமிடம்தானே என்று இருந்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடம் நான்கு முறை வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால்," என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். நீங்கள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "என் வண்டியாலதான் மாமா," என்று அழுதீர்கள். உங்களை நான் தேற்றினேன். வண்டி என்றால் அப்படித்தான் மாப்பிள்ளை, மனசில் வைக்காதீர்கள் என்றேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜாக்குலின், "அப்பாவ இப்படித் தனியா விட்டுட்டு எங்க போறது?" என்று புனே வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். அப்போதும் நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் நிம்மதியாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும், உங்கள் வயதில் தெரியாது. இப்போது நீங்கள் இருவரும் இங்கேயே இருக்கிறீர்கள். ஜாக்குலின் டீயில் சர்க்கரை கம்மியாகப் போடுகிறாள், அது ஒன்றுதான் குறை.

எதையும் மறைக்கவில்லை, மனசு லேசாகிவிட்டது. இங்கிலீஷில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். கராஜ் பில்லெல்லாம் நான் இங்கிலீஷில்தான் எழுதுகிறேன். ஆனால் இப்படிப்பட்டதைத் தாய்மொழியில்தானே சொல்ல முடியும்? உங்கள் இருவருக்கும் தமிழில் கடைப் பெயரைத் தாண்டிப் படிக்க வராது, அது என் குற்றமில்லை. ஞாயிறுதோறும் வீட்டில் பைபிள் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பீர்களே, அது போல யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

என்னை விட்டால், நம் வீட்டில் தமிழ் வாசிக்க உங்கள் அத்தை ஒருத்திதான் இருந்தாள்.