எதிரே உட்கார்ந்தால்தான் தெரியும்

சிரித்துவிடாதே, ஊகெட். தெரிந்தவள் மாதிரிப் பார்த்துவிடாதே. கமலாட்சி இதை வாய் திறந்து சொல்லவில்லை. மொரீஷியஸ் தீவின் ரோஸ் ஹில் கடைத்தெருவில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பின்னால் அவள் கணவர் பத்மநாபன் குடையை உதறிக்கொண்டு வந்தார். தொண்ணூறுகளின் ஒரு ஜூலை மாதத் தூறல். அடுத்த மாதம் ரெதுயி பல்கலைக்கழகத்தில் அவளுக்கு வகுப்பு ஆரம்பம். முப்பத்தெட்டு வயதில் முதல் வகுப்பு. பையில் போட்டுக்கொண்டு போய், பேராசிரியர் பேசப் பேசக் குறிப்பெடுக்க ஒரு சின்ன மிஷின் வேண்டும். அவளுக்கென்று. இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஊகெட்: வணக்கம், ஆசிரியரே. உள்ளே வாருங்கள். அமருங்கள்.

பத்மநாபன்: அட, நீ இங்கயா வேலை பாக்குற? கமலா, இது ஊகெட். என் வெள்ளிக்கிழமை தமிழ் கிளாஸ்ல படிக்கிறா.

கமலாட்சி: அப்படியா. வணக்கம்மா.

ஊகெட்: வணக்கம், மதாம். உங்களை... முதல் முறையாகக் காண்கிறேன். மிக்க மகிழ்ச்சி.

பத்மநாபன்: பாத்தியா, எப்படிப் பேசுறா. ஒரு இடத்துல தப்பு இருக்கா?

கமலாட்சி: பாடப்புஸ்தகமே எழுந்து வந்து பேசுற மாதிரி இருக்கு.

ஊகெட்: ஆயோ, மதாம். என் வீட்டில் எல்லாரும் பேசுவது கிரியோல் மொழி. தமிழ் பேச எனக்கு ஆசிரியர் ஒருவரே...

பத்மநாபன்: சரி சரி. இவளுக்கு ஒரு லாப்டாப் பாக்கணும். காலேஜுக்குப் போறா.

ஊகெட்: காலேஜுக்கா? மதாமா? சிறு பிள்ளைகளோடு?

பத்மநாபன்: உங்க ஊர் காலேஜ் இல்லம்மா. உங்களுக்குப் பள்ளிக்கூடம்தான் காலேஜ். நாங்க யூனிவர்சிட்டியைத்தான் காலேஜுன்னு சொல்லுவோம்.

கமலாட்சி: நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் வாங்கிக் கொடுத்தா அங்கயும் போவேன்.

பத்மநாபன்: முதல்ல மிஷினை வாங்கு. பாவாடை அப்புறம்.

ஊகெட்: இரண்டு உள்ளன, ஆசிரியரே. இது பெரியது. திரையும் பெரியது. இது சிறியது. எடை குறைவு.

பத்மநாபன்: இது என்னம்மா, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு.

கமலாட்சி: எனக்கு டிபன் பாக்ஸ் மாதிரிதான் வேணும். பையில போகணும்.

பத்மநாபன்: பெரிசையும் கொண்டு போகலாம். தோள்ல மாட்டப் பட்டை இருக்கு பாரு.

கமலாட்சி: நீங்க மாட்டிப் பாருங்க.

பத்மநாபன்: ம்... அப்படி ஒண்ணும் கனமா இல்லையே.

கமலாட்சி: அப்படியே வாசல் வரைக்கும் நடங்க.

பத்மநாபன்: நான் எதுக்கு நடக்கணும்? படிக்கப் போறது நீ.

கமலாட்சி: அதைத்தான் நானும் சொல்றேன்.

ஊகெட்: ரெதுயி பஸ்ஸில் கூட்டம் மிகுதி, ஆசிரியரே. மக்கள் நின்றுகொண்டே செல்வார்கள்.

பத்மநாபன்: நீ யார் பக்கம்மா?

ஊகெட்: நான் கடையின் பக்கம்.

பத்மநாபன்: சின்னதுல பேட்டரி எவ்வளவு நேரம் வரும்?

ஊகெட்: இரண்டு மணி நேரம்.

கமலாட்சி: கிளாஸும் ரெண்டு மணி நேரம்தான்.

பத்மநாபன்: வாத்தியார் நிறுத்தாம பேசிக்கிட்டே போனா?

கமலாட்சி: எல்லாரும் உங்களை மாதிரியா இருப்பாங்க?

ஊகெட்: மதாம் என்ன பாடம் படிப்பீர்கள்?

கமலாட்சி: சோஷியாலஜி. நான் ஸ்வெட்டர் ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை பாக்குறேன்ல... தையல் செக்‌ஷன் பொண்ணுங்க சம்பளம் வாங்க வருவாங்க. வந்த புதுசுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பாங்க. இப்போ நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்றாங்க. வீட்ல என்ன மாறிச்சு, யாரு யாருக்குச் சோறு போடுறாங்க... எனக்கு அதை எழுதணும்.

பத்மநாபன்: இதை என்கிட்ட சொன்னதே இல்லையே நீ.

கமலாட்சி: நீங்க கேக்கலையே.

பத்மநாபன்: நல்ல விஷயம்தான்... அதுக்குப் பெரிசு இருந்தா என்ன? வீட்ல மேஜை மேல இருக்கட்டும். கிளாஸ்ல கையால எழுதிக்கோ. சாயங்காலம் வந்து சாவகாசமா டைப் அடி.

கமலாட்சி: சாயங்காலம் எனக்கு மேஜை காலியா இருக்குமா?

பத்மநாபன்: என்ன பேச்சு இது. அது உன் இடம்தானே.

உண்மைதான். அந்த நாற்காலி அவளுடையது. மேஜைமேல் இருந்த தாள்கள்தாம் அவருடையவை. பகலெல்லாம் ஃபேக்டரியின் ஏற்றுமதிக் கடிதங்கள், வீட்டுக்கு வந்தால் அவருடைய வகுப்புப் பாடங்கள். ஊரைவிட்டு இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து அவள் விரல்கள் ஓய்ந்ததில்லை. அதில் ஒரு வரிகூட அவள் நினைத்து எழுதியதில்லை. கோபமா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வாள். நல்ல மனுஷர். அவள் டீ ஆறிப்போனால் தானே எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவருவார். பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, அவள் அடிப்பாள். ‘கமா’ என்பார். அவள் ஏற்கெனவே போட்டிருப்பாள்.

கமலாட்சி: சின்னதைக் கொஞ்சம் திறந்து காட்டும்மா.

ஊகெட்: இதோ. அமர்ந்து பாருங்கள், மதாம்.

பத்மநாபன்: என்ன இது, திரை கறுப்பா இருக்கு? ரிப்பேரா?

ஊகெட்: இல்லை, ஆசிரியரே. நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். எதிரே உட்கார்ந்தால்தான் தெரியும்.

பத்மநாபன்: கமலா, உனக்குத் தெரியுதா?

கமலாட்சி: நல்லாத் தெரியுதே.

பத்மநாபன்: என்ன தெரியுது?

கமலாட்சி: எழுத்து.

பத்மநாபன்: நான் பின்னாடி நின்னு குனிஞ்சா... ம்ஹூம், சாம்பல் பூசின மாதிரி இருக்கு. கொஞ்சம் நகரு.

கமலாட்சி: நகர்ந்தா எனக்குத் தெரியாதுங்க.

பத்மநாபன்: ஒருத்தருக்குத்தான் தெரியும்னா இது என்ன மிஷின்?

ஊகெட்: இது இதன் குறை, மதாம். நான் மறைக்க மாட்டேன். பெரியதில் நால்வர் நின்றுகூடப் பார்க்கலாம்.

கமலாட்சி: குறையா... பரவாயில்லம்மா.

அடிக்கிற வரியை அடித்து முடிக்கும்வரை யாரும் பார்க்க முடியாது என்பது, அவளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தலை வாருகிற மாதிரி இருந்தது. தப்பாக எழுதலாம். பாதியில் விடலாம். ஒரு வார்த்தையை நாலு தரம் மாற்றிப் பார்க்கலாம். ஏன் மாற்றினாய் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வராது.

பத்மநாபன்: இரு இரு. இதைப் பாரு. ‘ஏ’ எங்க?

கமலாட்சி: எதுங்க?

பத்மநாபன்: இங்கிலீஷ் ‘ஏ’. அது இருக்க வேண்டிய இடத்துல ‘க்யூ’ உக்காந்திருக்கு.

ஊகெட்: பிரெஞ்சு கீபோர்டு, ஆசிரியரே. ரியூனியன் தீவிலிருந்து வந்தது. அங்கே எல்லாம் இப்படித்தான்.

பத்மநாபன்: முடிஞ்சுது போ. இவ கும்பகோணத்துல டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவம்மா. கையைப் பாக்காமயே அடிப்பா. இதுல அடிச்சா ‘ஏ’ எல்லாம் ‘க்யூ’வா விழும்.

கமலாட்சி: பழகிக்கிறேன்.

பத்மநாபன்: நீ பழகுறதுக்குள்ள நூறு பக்கமும் நாசமாயிடும். தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதினா ‘ஏ’ இல்லாம ஒரு வார்த்தை ஓடுமா? முருகாவுக்கே ஒண்ணு வேணும். கந்தா கடம்பான்னு ஆரம்பிச்சா...

கமலாட்சி: எந்த நூறு பக்கம்?

பத்மநாபன்: சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

கமலாட்சி: என் சோஷியாலஜி நோட்ஸ்ல முருகன் வரமாட்டாரே.

ஊகெட்: ஆயோ.

பத்மநாபன்: அது... காவடிப் பாட்டுப் புத்தகம். தமிழ் படிக்கத் தெரியாத ஜனங்க பாத்துப் பாடணும்ல. இங்கிலீஷ் எழுத்துல, அர்த்தத்தோட. கோயில் கமிட்டி கோபாலசாமி ஐயா கேட்டார்.

கமலாட்சி: நீங்க என்ன சொன்னீங்க?

பத்மநாபன்: தைப்பூசத்துக்கு முன்னாடி தர்றதா...

கமலாட்சி: தர்றேன்னு சொன்னீங்களா, தர்றோம்னு சொன்னீங்களா?

பத்மநாபன்: இங்கிலீஷ்ல பேசிக்கிட்டு இருந்தோம். ‘வீ’ன்னு சொல்லியிருப்பேன்.

கமலாட்சி: ம்.

பத்மநாபன்: கோபமா?

கமலாட்சி: இல்லைங்க.

பத்மநாபன்: புத்தகத்தை விடு. உன் நோட்ஸுக்கே இது சரிப்படாது. அங்க வாத்தியார் பேசப் பேச, நீ க்யூ க்யூவா அடிச்சுட்டு வந்து நிப்ப. வேணும்னா உன் பேரை அடிச்சுப் பாரு. மூணு ‘ஏ’ வருது.

கமலாட்சி: கையைப் பாத்தா, பாக்காமயா?

பத்மநாபன்: உன் இஷ்டம்.

கமலாட்சி: ...அடிச்சாச்சு.

பத்மநாபன்: எழுந்திரு, நான் உக்காந்து பாக்குறேன். கமலாட்சி... கமலாட்சி பத்மநாபன். ரோஸ் ஹில், மொரீஷியஸ். ஒரு ‘க்யூ’கூட இல்லையே.

கமலாட்சி: இல்லைங்க.

பத்மநாபன்: ‘எம்’கூட இதுல வேற எங்கயோ இருக்கு.

ஊகெட்: மதாம் மிக வேகம், ஆசிரியரே. முதல் வாரம் பிழைகள் நிறைய. இப்போது என்னைவிட...

பத்மநாபன்: எந்த முதல் வாரம்?

ஊகெட்: ஆயோ.

பத்மநாபன்: ஊகெட்... முதல் முறையாகக் காண்கிறேன்னு சொன்னியேம்மா.

ஊகெட்: அது நீங்கள் கற்பித்த வாக்கியம், ஆசிரியரே. ஒருவரைச் சந்தித்தால் சொல்ல வேண்டும் என்றீர்கள். அந்த நேரத்தில் எனக்கு வேறு வாக்கியம் வரவில்லை.

கமலாட்சி: அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதேன்னேன். மே மாசத்துல இருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வர்றேன். கடையில கூட்டம் இருக்காது. அடிச்சுப் பழகிக்கோங்கன்னு விட்டா.

பத்மநாபன்: செவ்வாய்க்கிழமை கோயிலுக்கில்ல போவ?

கமலாட்சி: கோயிலுக்கும் போவேன்.

பத்மநாபன்: குங்குமம் கொண்டு வந்து கொடுத்தியே...

கமலாட்சி: அது கோயில் குங்குமம்தாங்க. கம்ப்யூட்டர் கடையில குங்குமம் தரமாட்டாங்க.

பத்மநாபன்: என்கிட்ட சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?

கமலாட்சி: மாட்டீங்க. பெரிசா வாங்கலாம்னு சொல்லியிருப்பீங்க. சொல்லியிருக்க மாட்டீங்களா?

பத்மநாபன்: சொல்லியிருப்பேன்தான்.

அவர் சிரித்தார். அவள் எதிர்பார்த்திருந்த சிரிப்பில்லை அது. சதுரங்கத்தில் தோற்றுவிட்டு, காயை எப்போது நகர்த்தினாள் என்று திரும்பக் கணக்குப் பார்க்கிறவரின் சிரிப்பு. நாற்காலியிலிருந்து உடனே எழுந்திருக்கவுமில்லை. திரையில் அவள் பெயரை இன்னொரு தரம் வாசித்தார். அவர் அதை அச்செழுத்தில் பார்த்தது அவர்கள் கல்யாணப் பத்திரிகையில் மட்டுமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பத்மநாபன்: சரி. சின்னதையே கட்டிக் கொடும்மா.

ஊகெட்: கோரெக், ஆசிரியரே. நல்ல முடிவு.

பத்மநாபன்: வெள்ளிக்கிழமை கிளாஸுக்கு வா. உனக்குப் புது வாக்கியம் கத்துத் தரணும்.

ஊகெட்: எதைப் பற்றி, ஆசிரியரே?

பத்மநாபன்: பொய் சொல்லி மாட்டிக்கிட்டா என்ன சொல்லணும்னு.

ஊகெட்: அது மிகவும் உதவும். மெர்சி, ஆசிரியரே. போய் வாருங்கள், மதாம்.

தூறல் விட்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஈரப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்து, முதலில் அவளை உட்காரச் சொன்னார். புதுப் பை அவள் மடியில் இருந்தது. அதற்குள் இன்னும் ஒன்றுமே எழுதப்படவில்லை என்ற நினைப்பே அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

பத்மநாபன்: பையை நான் வச்சுக்கட்டுமா?

கமலாட்சி: வேண்டாங்க. லேசாத்தான் இருக்கு.

பத்மநாபன்: சந்தோஷம்தானே?

கமலாட்சி: ரொம்ப.

பத்மநாபன்: எனக்கும்தான்... வருத்தமெல்லாம் இல்ல. மே மாசத்துல இருந்து பொண்டாட்டி எங்க போறான்னுகூடத் தெரியாம இருந்திருக்கேன், அவ்வளவுதான்.

கமலாட்சி: இனிமே எல்லா நாளும் சொல்லிட்டே போறேன்.

பத்மநாபன்: ம்... கமலா.

கமலாட்சி: சொல்லுங்க.

பத்மநாபன்: ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? கிளாஸ் வாரத்துல மூணு நாள்தானே. மீதி நாள்ல... தினம் ஒரு பக்கம் அடிச்சாப் போதும். நான் பின்னாடி நிக்கக்கூட மாட்டேன். எழுதி வச்சுட்டுப் போயிடறேன், நீ உன் நேரத்துக்கு அடி. இந்த ஒரு புத்தகம் மட்டும். வாக்குக் கொடுத்துட்டேன்... கோபாலசாமி ஐயா முன்னாடி போய் எப்படி நிப்பேன்?

கமலாட்சி: நீங்க போய் நிக்க வேண்டாங்க. போன வாரம் கோயில்ல அவரே என்கிட்ட வந்து, புத்தகம் எந்த மட்டுல இருக்குன்னு கேட்டார். உங்க வாயால வரட்டும்னுதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன். அன்னைக்கு அவர்கிட்ட சொன்னதையே உங்ககிட்டயும் சொல்லிடறேன்... நான் அடிக்கப் போறதில்லைங்க.