என் கோடு மஞ்சள்

ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் நிவா கிராமத்தில் யாருக்கும் முதுகு நிமிராது. வீட்டுக்கு வீடு ஒருவர் மோட்டார் பனிவண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துக் குனிந்திருப்பார். ஜனவரியில் பனி மாவு மாதிரி உதிரியாகக் கிடக்கும். அப்போது பின் சஸ்பென்ஷனைக் கீழ்த் துளையில் மாட்டினால்தான் வண்டி எழும்பி நின்று, புதையாமல் போகும். ஏப்ரலில் பகலில் உருகி இரவில் இறுகி, பனி ஆளைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். உடனே எல்லோரும் சஸ்பென்ஷனை மேல் துளைக்கு மாற்றிவிடுவோம். வண்டி தாழும், முன்னால் இருக்கும் சறுக்குக் கட்டைகள் இரண்டும் தரையை அழுத்திப் பிடிக்கும், திருப்பின பக்கம் திரும்பும். இரண்டு துளைகளுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம்தான்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். ஆரம்பம் இதுதான். அந்த இரண்டு விரல்.

பட்டறை அப்பாவுடையது. அவருக்குப் பிறகு நானும் என் தம்பி ஐமோவும் நடத்தினோம். அவன் எனக்குப் பதினோரு வயது இளையவன். அவனைப் பெற்ற மறுவருடமே அம்மா போய்விட்டாள். ஓட்ஸ் கஞ்சி ஊட்டியதும், ஷூ கயிறு கட்டக் கற்றுக்கொடுத்ததும், பள்ளிக்கூட வாசலில் நின்றதும் நான்தான். எனக்கென்று ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாம் என்று ஊரில் சிலர் பரிதாபப்படுவார்கள். எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பட்டறையில் அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. ஒரு போல்ட்டை முறையாக முறுக்கி முடித்ததும், அதன் தலையிலிருந்து பக்கத்துத் தகடு வரைக்கும் பெயிண்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். சாட்சிக் கோடு என்போம். போல்ட் இம்மி நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். என் கோடு மஞ்சள், ஐமோவுடையது நீலம். ஒருவர் கோடு போட்ட போல்ட்டை மற்றவர் சொல்லாமல் தொடக்கூடாது. யார் கோடோ, அந்த வேலைக்கு அவர் பொறுப்பு.

அவன் இதை வைத்துக் கேலி செய்துகொண்டே இருப்பான். "அக்கா, உன் மஞ்சளைப் பார்த்தா பனியில நாய் ஒண்ணுக்குப் போன மாதிரியே இருக்கு. கஸ்டமர் பயந்துடப் போறான்" என்பான்.

"போல்ட் கழண்டு விழுந்த நாய் எதையாவது பார்த்திருக்கியா நீ?" என்பேன் நான். இருவரும் சிரிப்போம். பட்டறையில் இப்படித்தான் பொழுது போகும்.

போன வருடம் ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பு, காபி குடிக்கும்போது சொன்னான். எங்கள் ஊர் வழக்கப்படி காபியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, ஈஸ்டர் முடிஞ்சதும் நான் கிளம்புறேன். மாரித்கூட இருந்துடலாம்னு. அங்கேயே ஒரு பட்டறையில வேலைக்குக் கூப்பிடுறாங்க."

மாரித் எல்லைக்கு அந்தப் பக்கம், நார்வேயில் பள்ளி ஆசிரியை. நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வீட்டுக்கு வந்தால் கேட்காமலே தட்டுகளைக் கழுவிவைப்பாள், ஆனால் தப்பான அலமாரியில் வைப்பாள்.

"சரி" என்றேன்.

"கோபமா?"

"என்னத்துக்குக் கோபம்? கட்டி ஊறிடுச்சு, எடுத்துச் சாப்பிடு."

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நாற்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி கட்டியை ஸ்பூனில் எடுத்துச் சப்பினான். அதைப் பார்த்தபோதுதான், இவனுக்குத் தனியாக ஒன்றும் தெரியாது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தன் வண்டியை மேல் துளைக்கு மாற்றி நீலக் கோடு போட்டான். திங்கட்கிழமை, உதிரி பாகம் வாங்க அவன் டவுனுக்குப் போயிருந்தான். நான் அந்த வண்டியைத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் போல்ட்டைக் கழற்றி, சஸ்பென்ஷனைக் கீழ்த் துளையில் மாட்டினேன். உயரம் மாறினால், அடியில் சுழன்று வண்டியை ஓட்டும் ரப்பர் பட்டையின் இறுக்கமும் மாறும். அதையும் சரிசெய்தேன். போல்ட்டுக்கு எவ்வளவு முறுக்கு வேண்டுமோ அவ்வளவு, கூடவும் இல்லை, குறைவும் இல்லை. நான் வண்டியைக் கெடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஜனவரிக்கு அதைவிடச் சரியான வண்டி இந்த மாவட்டத்தில் இருந்திருக்காது.

பிறகு கோடு போட்டேன். மஞ்சள். நீலம் ஏன் போடவில்லை என்று காலையில் கேட்டீர்கள். நீலம் அவனுடையது. அவன் செய்யாத வேலைக்கு அவன் கோட்டைப் போட்டால் அது கள்ளக் கையெழுத்து. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

அன்று மத்தியானமே வண்டியை ஏரிக்கு எடுத்துப்போனேன். சோதித்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் வெளியே விட்டதில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஏரி வரை காட்டுக்குள் பனி இளகலாகவே இருக்கும், அதில் வித்தியாசம் தெரியாது. உறைந்த ஏரிமேல், கம்பு நட்டுக் குறித்த பாதை நேராகப் போகும். நேர்ப்பாதையிலும் தெரியாது. லம்மாஸ் முனையில்தான் பாதை வலதுபக்கம் வெடுக்கென்று திரும்பும், எதிரே பாறைக் கரை. நாற்பதில் போனேன், திரும்பியது. அறுபதில் கட்டைகள் பிடிக்காமல் வழுக்கின. நான் எதிர்பார்த்திருந்ததால் பாறைக்குப் பத்து மீட்டர் முன்னால் நிறுத்த முடிந்தது. ஐமோ அந்த வளைவில் தொண்ணூறுக்குக் குறைந்ததில்லை.

வண்டியைத் துடைத்து, பட்டறையில் முன்பு நின்ற இடத்திலேயே நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாரித் ஏரிக்கு அக்கரையில் காரோடு நிற்பதாகப் பேச்சு. அவன் ஒன்பது மணிக்கே கிளம்பினான். நான் மீன் சூப் வைத்திருந்தேன்.

"வந்து சாப்பிட்டுக்கறேன் அக்கா, அவ காத்துட்டிருப்பா."

"அவ என்ன உருகிடவா போறா? ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ. நாளைக்கு யாரு வச்சுத் தரப்போறா உனக்கு?"

அந்தக் கடைசி வார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டான். இரண்டு தட்டு சூப், ரை ரொட்டி, ஒரு காபி. எழுந்திருக்கும்போது ஒன்பதே முக்கால். பிறகு கையுறையைத் தேடினான், கிடைக்கவில்லை, பழையதைப் போட்டுக்கொண்டு பறந்தான். அவன் கையுறையை மறந்துவிட்டான், கொடுக்கத்தான் பின்னாலேயே போனேன் என்று போன வருடம் உங்களிடம் சொன்னேன். அவன் மறக்கவில்லை. அது அடுப்புக்குப் பின்னால் இருந்தது. நான்தான் வைத்தேன், எனக்கும் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

விபத்துக்குப் பிறகு நீங்களே வந்து குனிந்து பார்த்தீர்கள். போல்ட் கழலவில்லை, கோடு முறியவில்லை, சஸ்பென்ஷன் கீழ்த் துளையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டீர்கள். ஊரே ஒரே வார்த்தையைச் சொன்னது: ஐமோ மாற்ற மறந்துவிட்டான். கல்யாண மயக்கம் என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவர் செய்யக்கூடிய தவறுதான் அது, இரண்டு வருடத்துக்கு ஒருவர் செய்வார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவனுக்கும் அந்த வாரம் முழுவதும் நினைவிலிருந்து போய்விட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மாரித் மூன்று முறை வந்தாள். உன்னைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் வரவே இல்லை என்று அவனிடம் சொன்னேன். இருவருக்கும் நல்லதுதான். முடியாததை நினைத்து எத்தனை நாள் அழுவது?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் நான். பகலில் அவன் சக்கர நாற்காலியைப் பட்டறை அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வேலை பார்ப்பேன். தினமும் ஒருமுறையாவது சொல்லுவான்.

"என்னை மன்னிச்சுடு அக்கா. ஒரு துளை மாத்த மறந்துட்டேன். உன் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்."

"விடுடா. எல்லாருக்கும் மறக்கும்" என்பேன். கன்னத்தைத் துடைத்துவிடுவேன். ஒருநாள்கூட நான் அவனைக் கடிந்துகொண்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வருடம்தான் நாங்கள் இருவரும் மிகவும் ஒற்றுமையாக இருந்த வருடம்.

இந்த ஏப்ரலில் பக்கத்து வீட்டுக் கவ்கோ வந்தார். அவர் வண்டியில் ரப்பர் பட்டை கிழிந்துவிட்டதாம், ஐமோவின் உடைந்த வண்டி தார்ப்பாய்க்குள் சும்மாதானே கிடக்கிறது என்றார். நல்ல பட்டை, வீணாவானேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் காபி போட உள்ளே போனேன். அவர் தார்ப்பாயை விலக்கி, வண்டியைச் சங்கிலியில் மாட்டி நிமிர்த்தியிருக்கிறார்.

நின்றுகொண்டிருப்பவர்களுக்கு அந்த போல்ட் தெரியாது, குனிய வேண்டும். நாற்காலியில் இருப்பவனுக்கு அது சரியாகக் கண் உயரம். இதை நான் யோசித்திருக்கவில்லை.

நான் காபியோடு வந்தேன். ஐமோ போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்றான். "இது உன் கோடு."

"ஆமா."

"நான் மறக்கலையா?"

வேறு எதையும் கேட்கவில்லை. அவன் குரல் எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடம் ஊட்டி வளர்த்த என்னை ஒரு நிமிடம் நினைத்துப்பார்க்காமல், தான் மறக்கவில்லை என்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு அதுதான் வலித்தது. கவ்கோ காபியைத் தொடாமல் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தார்.

கால் உடைந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கோடை முழுவதும் வீட்டில் கிடப்பான், அந்தப் பெண் சலித்துப்போவாள், அவ்வளவுதான் கணக்கு. அன்று அவன் பின்னாலேயே லம்மாஸ் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் பாறைக்குக் கீழே மல்லாந்து கிடந்தான். கால் உடையவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தெளிவாகப் பேசினான்.

"அக்கா, என்னைத் தூக்காதே. கழுத்துல என்னமோ ஆயிருக்கு. ஹெலிகாப்டரைக் கூப்பிடு. கை கால் அசையுது, பாரு."

அசைந்தது. பூட்ஸ் இரண்டும் அசைந்தன, பழைய கையுறைக்குள் விரல்கள் மடங்கி விரிந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை காபி ஊற்றிக் குடித்தபடி யோசித்தேன். மீட்புப் படையில் எனக்குப் பயிற்சி உண்டு, சான்றிதழ் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரிக் கழுத்துக்கு ஒரு பட்டையைக் கட்டி அசையாமல் கொண்டுபோனால் மூன்று மாதத்தில் எழுந்து நடப்பான். ஆகஸ்டில் நார்வேக்குப் போயிருப்பான்.

"பனியில கிடந்தா சளி பிடிச்சுக்கும்" என்றேன். பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தேன். அவன் கக்கங்களுக்கு அடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். தலை பின்னால் சாய்ந்தது. வேண்டாம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான், பாதியில் நின்றுவிட்டது. விரல்களைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். பிறகு படுக்கவைத்துவிட்டு ஹெலிகாப்டருக்குப் போன் செய்தேன்.

இப்போது மாரித் வந்து அவனைக் கூட்டிப்போய்விட்டதாகச் சொல்கிறீர்கள். அவளுக்குப் பழக்கம் இல்லை. சூப்பை ஊதிக் கொடுக்க வேண்டும், இடது பக்கமாகத்தான் படுக்கவைக்க வேண்டும், இதெல்லாம் அவளுக்கு யார் சொல்வது? ஒரு வாரம் போகட்டும், அவன் என்னைத்தான் தேடுவான். அப்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். துளையை மாற்ற மறந்ததற்கு நான் அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன். என்னைக் காட்டிக்கொடுத்ததற்கும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.